படிக்காம போட்ட கையெழுத்து

செருப்பு இன்னும் வெளியதான் கெடந்துச்சு. எம்டி ரூம் வாசல்ல, மிதியடி மேல, சண்டை போட்டுட்டுப் படுத்த புருசன் பொண்டாட்டி மாதிரி ஒண்ணு கெழக்கயும் ஒண்ணு மேக்கயும் பாத்துக் கெடந்துச்சு. இந்தக் கம்பெனியில கதவுல போர்டெல்லாம் கெடையாது, செருப்புதான் போர்டு. வெளிய கெடந்தா வெள்ளிங்கிரி சார் மத்தியானச் சாப்பாட்ட முடிச்சுப்போட்டு சோபாவுல சாஞ்சிருக்காருன்னு அர்த்தம். பேக்டரி தீப்பிடிச்சாலும் மொதல்ல செருப்பு உள்ள போகோணும், அப்பறந்தான் தீயப் பத்திப் பேசோணும். சௌடேஸ்வரி கம்ப்யூட்டர் மூலையில மணியப் பாத்தா. மூணு பத்து. அஞ்சு மணிக்கு அப்ளிகேசன் மூடிருவாங்க. வேலைக்குப் போறவங்களுக்குன்னு சனி ஞாயிறு மட்டும் நடத்தற எம்பிஏ. போட்டோ ஏத்தியாச்சு, மார்க் சீட்டு ஏத்தியாச்சு, நான் ஏன் இந்தப் படிப்பு படிக்கோணும்னு ரெண்டு பக்கத்துக்குப் புளுகி அதையும் ஏத்தியாச்சு. மிச்சம் ஒரே ஒரு கட்டம் செகப்பா முழிச்சுக்கிட்டு நிக்குது: மேலதிகாரியோட சிபாரிசு லெட்டர், கையெழுத்தோட, கம்பெனி சீலோட. திங்கக்கிழமை கேட்டப்ப அவரு காத்தாடிக்குக் கீழ சட்டைக் காலரத் தூக்கி விட்டுக்கிட்டே சொன்னாரு, "அதுக்கென்ன அம்மிணி, நீயே எழுதிக் கொண்டா, நான் போட்டுத் தர்றேன்." நீயே எழுதிக் கொண்டா. பன்னெண்டு வருசமா இந்த மூணு வார்த்தையிலதான் இந்தக் கம்பெனி ஓடுது. போர்வெல் மோட்டாருக்குக் காயில் சுத்தறவங்கெல்லாம் கீழ இருக்காங்க, வார்த்தை சுத்தறது மாடியில சௌடேஸ்வரி ஒருத்திதான்.

ஷீ இஸ். அதுக்கு மேல போகல. நாலு நாளா அந்த ரெண்டு வார்த்தைக்குப் பக்கத்துல கோடு நின்னு நின்னு மினுக்குது, சொல்லு சொல்லுங்கற மாதிரி. ஷீ இஸ் என்ன? கடின உழைப்பாளியா? கடின உழைப்பாளின்னு எழுதுனா மாட்டுக்கு எழுதுன மாதிரி இருக்குது. நேர்மையானவளா? அதெ வாட்ச்மேனுக்கு எழுதலாம், எழுதியும் இருக்கா, போன தீவாளிக்கு, அவரு மகனோட காலேஜுக்கு. நல்லொழுக்கமா? ஏழாம் வகுப்பு டீசியா இது? போன வருசம் இதே நாற்காலி, இதே கம்ப்யூட்டர், இதே காலேஜு, ஹீ இஸ்னு ஆரம்பிச்சவ நாப்பது நிமிசத்துல எந்திரிச்சா, ஒரு பக்கம் சும்மா ஆறு மாதிரி ஓடியிருந்துச்சு. அது எம்டியோட அக்கா பையன் தர்சனுக்கு. தர்சன் கம்பெனிக்கு வந்து அப்பத்தான் எட்டு மாசம். அந்த எட்டு மாசத்துல அவன் சாதிச்சது ரெண்டு: ஆபீஸ் வாட்சப் குரூப்புக்குப் பேர மாத்துனான், மாடியில காப்பி மெசின் வாங்கி வெச்சான். அதெ வெச்சு என்ன எழுதறது, காபித் துறையில புரட்சின்னா? "நீ ஏதாச்சும் நல்லதாப் போட்டு எழுது அம்மிணி, உனக்குச் சொல்லித் தரணுமாக்கும்"னு எம்டி சொல்லிப்போட்டுப் போனாரு. போட்டா. மோட்டாரு கழுத்துல தொங்கற மஞ்ச அட்டையப் போட்டா. ரிஜிஸ்டர்ல எழுதித் தொலைச்சுக்கிட்டிருந்த கம்ப்ளெயிண்டயெல்லாம் போனுக்கு மாத்துனதப் போட்டா. ஞாயித்துக்கிழமையில ஊர் ஊராப் போயி எலெக்ட்ரீசியன்களக் கூப்புட்டு ஒக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்ததப் போட்டா. எல்லாம் அவ பண்ணுனது. ஒரு பக்கத்துக்குள்ள பத்து வருசத்த மடிச்சு வெச்சு, மேல ஹீ இஸ்னு இஸ்திரி போட்டுக் குடுத்துட்டா. அன்னிக்குக் கோவம் வந்துச்சான்னு கேட்டா வரல, அதுதான் இப்ப வயித்த எரிக்குது. குசியா இருந்துச்சு. எழுதி முடிச்சுத் திரும்பிப் படிச்சப்ப, அடடா, யாருடா இவன், கட்டிக்கலாம் போலிருக்கேன்னு தனக்குள்ளயே சிரிச்சா. நாமெங்க எம்பிஏ படிக்கப் போறோம், சும்மா கெடக்கறது ஒருத்தனுக்கு ஒதவட்டும்னு நெனச்சா. வெள்ளிங்கிரி சார் வழக்கம் போல பேனா மூடியப் பல்லுல கடிச்சுக்கிட்டு, ஒரு வரி படிக்காம, அடியில நீட்டா இழுத்து விட்டாரு. தர்சனுக்குச் சீட்டு கெடச்சுச்சு. இப்ப அதே காலேஜுக்கு, அதே எம்டி கையெழுத்துல, அதே மஞ்ச அட்டைய இன்னொருத்தி பேருல எழுதி அனுப்புனா, அங்க ஒக்காந்திருக்கறவங்க என்ன நெனைப்பாங்க? ரெண்டாவதா வந்தவதான் காப்பியடிச்சவ. பரிட்சை ஹால்ல எப்பவும் அப்படித்தான், பேப்பர மொதல்ல குடுத்தவன் புத்திசாலி.

போன் அடிச்சுச்சு. எடுத்து, யாரு என்னன்னு கேக்காமயே, "சொல்லுங்க, எத்தன அடி போர்?"ன்னா. அதுதான் அவளுக்கு ஹலோ. அம்மா போன் பண்ணுனாலும் பாதி நேரம் அப்படித்தான் வாயில வரும், "எண்ணூறு அடிடி, ஒங்கப்பன் தோண்டி வெச்சிருக்கான், சாப்பிட்டியா?"ம்பாங்க. இப்ப கூப்புட்டது மணப்பாறை பக்கத்துல ஒரு அண்ணன். மோட்டாரு உறுமுதாமா, தண்ணி ஏறலியாமா. "கேபிள் மாத்துனீங்களா?" "பழசுதான் மேடம், நல்லாத்தான இருக்குது." "உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்ணா, மோட்டாருக்கு மூச்சு முட்டுது. பெட்டியில மஞ்ச அட்டை இருக்குதல்ல, அதுல உங்க ஆழத்துக்கு நேரா என்ன சைஸ் போட்டிருக்குது பாருங்க. பாத்து, கடக்காரரு குடுக்கறத வாங்காம, அதுல போட்டிருக்கறத வாங்குங்க. அதுவரைக்கும் சுச்ச போட்டுறாதீங்க, வெந்து போயிரும்." வெச்சா. ஒரு நாளைக்கு இருவது முப்பது இப்படி. ஆறு வருசத்துக்கு முந்தி இப்படியெல்லாம் யாரும் கூப்புடல, நேரா மோட்டாரத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல எறிஞ்சாங்க. மாசத்துக்கு நூறு மோட்டாரு கருகித் திரும்பி வந்துச்சு. கீழ காயில் சுத்தறவங்களத் திட்டுனாங்க, அவங்க கம்பி குடுத்தவனத் திட்டுனாங்க, கம்பி குடுத்தவன் கரண்டத் திட்டுனான். சௌடேஸ்வரி யாரையும் திட்டாம அரவக்குறிச்சிக்குப் பஸ் ஏறுனா. முருங்கத் தோட்டத்துல நாலு நாள். வெயில்னா வெயில், தலைக்கு மேல தோசக்கல்லக் கவுத்து வெச்ச மாதிரி. தோட்டத்துக்காரரு பொண்டாட்டி மூணு வேளையும் முருங்கக்கீரையாப் போட்டுப் போட்டு அவளுக்கு ரத்தமே பச்சையாயிருக்கும்னு நெனச்சா. மீட்டரக் கையில வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு தோட்டமா, மேல கரண்டு எவ்வளவு, கீழ போயிச் சேர்றது எவ்வளவுன்னு கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தா. நாலாவது நாள்தான் புத்தியில தட்டுச்சு. மோட்டாரு நம்முளுது, கேபிளு ஊர்க் கடையோடது. எண்ணூறு அடிக்கு எறக்கற போர்ல, முன்னூறு அடிக்குப் போடற சன்ன ஒயர வித்துக்கிட்டிருந்தாங்க. பாதி கரண்டு வழியிலயே செத்துப் போயிருது, மோட்டாரு இழுத்து இழுத்துப் பாத்து வெந்துருது. இவ்வளவுதான். திரும்பி வர்ற பஸ்ஸுல, டிக்கெட்டுக்குப் பின்னாடி, இத்தன அடிக்கு இந்தச் சைஸ் ஒயருன்னு எழுதுனா. அதெ மஞ்ச அட்டையில அச்சடிச்சு, ஒவ்வொரு மோட்டாரு கழுத்துலயும் சணல்ல கட்டி விட்டா. சந்தேகம்னா கூப்புடுங்கன்னு அடியில ஒரு நம்பரு போடோணும், கம்பெனி நம்பரப் போட்டா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு தன் செல் நம்பரப் போட்டா. மூணே மாசம், நூறா இருந்தது ஒம்போதாச்சு. இவ்வளவையும் அப்ப எம்டிகிட்ட நின்னுக்கிட்டே சொன்னா, அவரு சாஞ்சுக்கிட்டே கேட்டாரு, "பலே அம்மிணி"ன்னாரு. பலே. ஆறு வருசத்துக்கு அந்த ஒரு பலேதான். அது கையெழுத்தில்லாத சர்டிபிகேட்டு, எங்கயும் ஏத்த முடியாது.

மூணு நாப்பது. செருப்பு அசையல. தூக்கம் வந்துச்சு, தூக்கமில்ல, கண்ணுக்குப் பின்னாடி ஒரு சூடு. காப்பி எடுக்கப் போனா. மெசின் முன்னாடி தர்சன் நின்னுக்கிட்டிருந்தான், அவன் வாங்கி வெச்ச மெசினு, அவன் மட்டுந்தான் அதுகிட்டப் பதமாப் பேசுவான். நல்ல பையன். அதுதான் கஷ்டம். கெட்டவனா இருந்தா இந்நேரம் சூடா எதையாச்சும் மேல ஊத்திருக்கலாம். "அக்கா, அப்ளை பண்ணீட்டீங்களா? கடைசித் தேதி இன்னிக்குத்தான?" "பண்ணிக்கிட்டே இருக்கேன். லெட்டர் மட்டும் பாக்கி." "மாமா தூங்கறாரா? எந்திரிச்சதும் வாங்கிருங்க. எஸ்ஸே வேணா எனக்கு அனுப்புங்க, ஒரு தடவ பாத்துத் தர்றேன், அவங்க எந்த மாதிரி எதிர்பாப்பாங்கன்னு எனக்கு இப்பத் தெரியும்ல." பாத்துத் தர்றானாமா. அவ டம்ளரக் கையில இறுக்கிப் புடிச்சா. தர்சன் குரலக் கொஞ்சம் கொறச்சான், அக்கறையோட, நெசமான அக்கறையோட. "ஒண்ணே ஒண்ணுக்கா. மஞ்ச அட்டைய மட்டும் போட்டுறாதீங்க. இன்டர்வியூல அதத்தான் ஒரு மணி நேரம் கேட்டாங்க, அப்பறம் கிளாஸ்லயும் அத எழுதிப் பேசச் சொன்னாங்க, அங்க எல்லாத்துக்கும் அது என்ற கேஸ் ஸ்டடின்னு தெரியும். நீங்களும் போட்டீங்கன்னா உங்களுக்குத்தான் சிக்கலாயிரும்." "அது ஒன்ற கேஸா தர்சா?" "இல்லக்கா, நீங்களும் ஹெல்ப் பண்ணுனீங்கள்ல, நான் அதச் சொல்லாமலா இருப்பேன், டீம்னுதான் சொன்னேன்." டீமு. முருங்கத் தோட்டத்துல அவளுக்குத் தொணையா இருந்தது ஒரு ஆட்டுக்குட்டி, அதத்தான் சொல்றானாட்டம் இருக்குது. என்னமோ சொல்லோணும், நாக்கு நுனியில மூணு பதில் வரிசையா நின்னுச்சு, மூணும் கூர்மையா. வழக்கமா அவ வாய்க்கு முன்னாடி யாரும் நிக்க முடியாது, டிஸ்பேச்சுல லாரிக்காரங்களே கும்புட்டுட்டுப் போவாங்க. இன்னிக்கு காப்பியப் புடிச்சுக்கிட்டுத் திரும்பி நடந்தா. ஏன்னா மூணு பதிலுக்கும் மறுபதில் ஒண்ணுதான்: எழுதிக் குடுத்தது நீங்கதானக்கா. வந்து ஒக்காந்தா. காப்பி நல்லாத்தான் இருந்துச்சு, அதுக்கும் கோவம் வந்துச்சு. ஜூன் மாசம் தர்சன் படிப்புல ரெண்டாவது வருசத்துக்குப் போவான், போனதும் சர்வீஸ் டிபார்ட்மெண்டுக்கு அவன்தான் தலையின்னு எம்டி வெளிப்படையா சொல்லிட்டாரு. "மேல ஒக்கார்றதுக்கு ஒரு எம்பிஏ வேணும் அம்மிணி, பேங்க்காரனுகளும் வெளியூர்க்காரனுகளும் அதத்தான் கேக்கறாங்க. நீயும் படி, ஒனக்கும் ஒண்ணு பண்ணலாம்." அதுதான் இந்த அப்ளிகேசன். இன்னிக்கு அந்தச் செகப்புக் கட்டம் பச்சையாகலைன்னா, ஜூன்ல இருந்து சௌடேஸ்வரிக்கு மேலதிகாரி யாரு? தர்சன்கூட இல்ல. அவ எழுதுன லெட்டரு. தான் நாப்பது நிமிசத்துல எழுதுன ஒரு பக்கத்துக்குக் கீழ ஒக்காந்து, அதுகிட்ட லீவு கேக்கோணும்.

சிரிப்பு வந்துச்சு, சிரிக்க முடியல. லெட்டரு லெட்டரு. எல்லாம் ஒரு லெட்டர்ல இருந்து ஆரம்பிச்சதுதான். இன்ஜினியரிங் மூணாவது வருசம், மெக்கானிக்கல், அம்பத்தேழு பசங்க, ஒரே ஒரு பொண்ணு. வைவாவுக்கு வெளிய இருந்து வந்த ஒரு பெரிய மனுசன், அவ வரைஞ்சத ஒரு பார்வை கூடப் பாக்காம, "நீயெல்லாம் லேத்துல நின்னு என்னம்மா பண்ணப் போற, துப்பட்டா மாட்டிக்கும்"னாரு. "உங்க டை மாட்டாத வரைக்கும் எனக்கும் மாட்டாதுங்க சார்"னு சொல்லிப்போட்டா. வாயி. பசங்க சிரிச்சது மூணாவது மாடி வரைக்கும் கேட்டுச்சு. எச்ஓடி கூப்புட்டு ஒரு வெள்ளத் தாள நீட்டுனாரு, மன்னிப்புக் கேட்டு எழுது, நாலே வரி, இதோட முடிஞ்சுது. நாலு வரி. அந்தத் தாளு முன்னாடி ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருந்தா. டேபிள் மேல ஒரு எறும்பு பேனாவச் சுத்திச் சுத்தி வந்துச்சு, அது நல்லா ஞாபகம் இருக்குது, எச்ஓடி மூஞ்சி ஞாபகம் இல்ல. எழுதல. தாள அப்படியே வெள்ளையாத் திருப்பிக் குடுத்துப்போட்டு பஸ் ஏறுனவதான், அதோட காலேஜு போச்சு. அப்பா ஒரு மாசம் பேசல. இருவத்தேழு வயசுல தபால்ல பிபிஏ முடிச்சப்பத்தான் படிப்பப் பத்தி வாயத் தொறந்தாரு, "இதையாச்சும் சண்டை போடாம முடிச்சியே"ன்னாரு, தபால்காரனோட எப்படிச் சண்டை போடறது. ஒரே ஒரு லெட்டர் எழுத மாட்டேன்னு படிப்ப விட்டவ, வந்து சேந்த எடத்துல பன்னெண்டு வருசமா எழுதுனது என்னென்ன. ஈபி ஆபீசுக்கு மன்னிப்பு லெட்டர், எம்டி பேர்ல. எம்டியோட சம்பந்தி அம்மா செத்ததுக்கு இரங்கல். அவரு ரோட்டரியில பேசுன பேச்சு, அதுல வந்த ஜோக்கு ரெண்டும் இவளுது, ஒண்ணுக்குக் கைதட்டு, ஒண்ண அவரு கெடுத்துட்டாரு. வேலைய விட்டுத் தொரத்துனவனுக்கு நன்னடத்தை. அடுத்தவங்களுக்கு மன்னிப்புக் கேக்கறப்ப கை ஓடுது, அடுத்தவங்களப் புகழ்றப்ப கை ஓடுது, ஷீ இஸ்னு வந்தா மட்டும் அந்த எறும்பு திரும்ப வந்து சுத்துது. மணி நாலு ஆறு. செருப்பு அசையல. அப்பறம் என்ன நெனச்சாளோ, ஷீ இஸ்ஸ அழிச்சா. ஐ-ன்னு ஆரம்பிச்சா. நான், வெள்ளிங்கிரி, இந்த லெட்டர எழுதல. போன வருசம் என் அக்கா பையனுக்காக நான் கையெழுத்துப் போட்ட லெட்டரையும் நான் எழுதல. ரெண்டையும் எழுதுனது இந்தப் பொண்ணுதான். அந்த லெட்டர்ல இருந்த மஞ்ச அட்டை, கம்ப்ளெயிண்ட் போனு, எலெக்ட்ரீசியன் வகுப்பு மூணும் இவ பண்ணுனது, பையன் வர்றதுக்கு நாலு வருசத்துக்கு முந்தியே பண்ணுனது. அதப் படிக்காம கையெழுத்துப் போட்டேன். இதையும் படிக்காமதான் போடறேன். இவளோட பெரிய குறை என்னன்னு கேட்டிருக்கீங்க: கேட்டதும் எழுதிக் குடுத்துருவா. விரலு கீபோர்டுல குத்துன வேகத்துல எண்ட்டர் பட்டன் ஒரு பக்கமா எந்திரிச்சு நின்னுக்கிச்சு. பதினோரு நிமிசம். ஆறு மாதிரி ஓடல, போர்ல இருந்து பீச்சுன மாதிரி வந்துச்சு.

அப்பத்தான் பயம் வந்துச்சு. கோவம் இருக்கறப்ப பயம் செருப்பக் கழட்டிப்போட்டு வெளிய நிக்கும், கோவம் கொஞ்சம் நகந்தா உள்ள வந்துரும். இத ஏத்துனா தர்சன் படிப்பு போனாலும் போகும். இப்பத்தான் காப்பி மெசின்கிட்ட நின்னு அக்கறையா விசாரிச்ச பையன். இவ வேலையும் போகும். காலேஜுல ரெண்டு பேரையும் சேத்து வெளிய தள்ளுனாலும் தள்ளுவாங்க, எழுதிக் குடுத்தவளும் குத்தவாளிதான. முப்பத்திமூணு வயசுல மறுபடியும் ஒரு பஸ்ஸு. பிரிண்டர்ல தாளு சூடா வந்து விழுந்துச்சு. அதுக்குக் கீழ இன்னொண்ணும் அடிச்சா, கடின உழைப்பாளி, நேர்மையானவர், நல்லொழுக்கம் உள்ளவர்னு மாட்டுக்கு எழுதுனது, எதுக்கும் இருக்கட்டும்னு. ரெண்டையும் பைலுல வெச்சா. எதிர் டேபிள்ல மரகதம் அக்கா கைப்பையில டிபன் பாக்ஸ வெச்சுக்கிட்டிருந்தாங்க, கம்பெனி சீலு அவங்க டிராயர்ல, சாவி அவங்க கழுத்துச் சங்கிலியில, அஞ்சு அடிச்சா அவங்களும் சீலும் பஸ்ஸுல இருப்பாங்க. "அக்கா, சீல எடுத்து வெச்சுக்குங்க." "மொதல்ல கையெழுத்து வாங்கிட்டு வா. வெறுஞ்சீல வெச்சு உன்ற நெத்தியில குத்தட்டுமா?" "குத்துங்க, அப்படியே போட்டோ எடுத்து ஏத்திடறேன்." "அடிப்போடி. செருப்பப் பாரு." பாத்தா. ஒரு செருப்பக் காணோம். கதவு இடுக்குல ஒரு காலு நீண்டு, ரெண்டாவதையும் கவ்வி உள்ள இழுத்துச்சு. நாலு முப்பத்திநாலு.

உள்ள ஏசிக்கு நடுவுல தயிர்ச்சோத்து வாசம். வெள்ளிங்கிரி சார் கன்னத்துல சோபாத் துணியோட கட்டம் கட்டமா அச்சு விழுந்திருந்துச்சு. "வா அம்மிணி, லெட்டரா? கொண்டா." பேனா மூடி பல்லுக்குப் போயிருச்சு. கை நீளுது. பைல்ல மேல இருந்தது ஐ-ன்னு ஆரம்பிக்கற தாளு, அதுதான் வெரலுக்கு வந்துச்சு, வேணும்னே வந்துச்சா தானா வந்துச்சான்னு தெரியல. டேபிள் மேல வெச்சா. பேனா முனை தாள்ல பட்டிருச்சு. இன்னும் ஒரு செகண்டு, நீட்டா இழுத்து விட்டுருவாரு, அது போதும், சீலு, ஸ்கேன்னு, பச்சைக் கட்டம், அவரு வாழ்க்கையில தெரிஞ்சுக்கவே மாட்டாரு. அதுக்குத்தான எழுதுனது. ஆனா அந்த முனையப் பாத்ததும் தாள் மேல கைய வெச்சுட்டா. படிக்கவே மாட்டியா? ஒன்னத் திட்டி எழுதி வெச்சாக்கூடப் படிக்க மாட்டியா? "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்." அவரு நிமுந்து பாத்தாரு, காயில் சுத்தறவன் வந்து பாட்டுப் பாடிக் காட்டுன மாதிரி. "நீ எழுதுனதுல படிக்கறதுக்கு என்ன இருக்குது?" அத நம்பிக்கையிலதான் சொன்னாரு, சத்தியமா நம்பிக்கையிலதான், அதுதான் நெஞ்சுல குத்துச்சு. "படிங்க சார்." "கண்ணாடி கார்ல கெடக்குது அம்மிணி. செரி, நீயே படி, இங்கிலீஷெல்லாம் வேண்டாம், தமிழ்ல சொல்லு, கேக்கறேன்." கண்ண மூடிச் சாஞ்சுட்டாரு.

தாளு திரும்ப இவ கையில. கண்ணாடியில்லாம அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது, என்ன சொன்னாலும் நம்புவாரு, இதுக்குத்தான அவளப் பெத்து விட்டிருக்குது, இல்லாதத இருக்கறதாப் படிக்கறதுக்கு. "இவர் ஒரு கடின உழைப்பாளி"ன்னு வாய் தானா ஆரம்பிச்சுருச்சு. "ம்"ன்னாரு. "நேர்மையானவர்." "ம்." அந்த ரெண்டாவது ம்-முல கொட்டாவி கலந்திருந்துச்சு. அவ நிறுத்துனா. அப்பறம் தாளப் பாத்துப் படிச்சா, மொதல்ல இருந்து, ஒண்ணையும் விடாம, நான் வெள்ளிங்கிரி இந்த லெட்டர எழுதலங்கறதுல இருந்து, கேட்டதும் எழுதிக் குடுத்துருவாங்கற வரைக்கும். முடிச்சப்ப அவரு கண்ணு தொறந்திருந்துச்சு, பேனா மூடி பல்லுல இல்ல. கத்துவாருன்னு நெனச்சா. கத்தியிருந்தா நல்லாயிருந்திருக்கும். அவரு நெசமாவே கொழம்பிப் போயி, சின்னக் கொழந்தை மாதிரி கேட்டாரு, "மஞ்ச அட்டை நம்ம தர்சன் வந்து பண்ணுனதல்ல?"

படிக்காம போட்டாரு, செரி. மறந்தாரு, அதும் செரி. நம்பிட்டாருய்யா. இவ எழுதுன பொய்ய, படிக்காமயே, கல்யாண வீட்லயோ கருமாதி வீட்லயோ யாரோ சொல்லி, சொன்னதயே திரும்பச் சொல்லி, நம்பிட்டாரு. நின்ன எடத்துல அவரு சொன்ன பலேயும் போச்சு. இதுக்கு என்ன பதில் சொல்ல? அரவக்குறிச்சியச் சொல்றதா, ஆட்டுக்குட்டியச் சாட்சிக்குக் கூப்புடறதா? நாலு நாப்பத்திரெண்டு. அவரு டேபிளுக்குப் பின்னாடி சாம்பிளுக்கு ஒரு மோட்டாரு நிக்கும், கழுத்துல சணல்ல மஞ்ச அட்டையோட, ஆறு வருசமா அவரு முதுகுக்குப் பின்னாடியே நிக்குது. அவ போயி அட்டையத் திருப்பிப் புடிச்சா. "சார், இதுக்கு அடியில ஒரு நம்பரு இருக்குது. அட்டை யாருதுன்னு அங்கயே கேட்டுக்குங்க." "அது நம்ம ஆபீஸ் நம்பரல்ல?" "நான் சொல்றேன், நீங்க அழுத்துங்க." லேண்ட்லைன பக்கத்துல நகத்தி வெச்சா. ஒண்ணொண்ணா சொன்னா. அவரும் ஒண்ணொண்ணா அழுத்துனாரு, பெரிய பட்டன், கண்ணாடியில்லாமயே தெரியும். பத்தாவத அழுத்திப்போட்டு ரிசீவரக் காதுல வெச்சு, யாரு எடுக்கப் போறாங்கன்னு ஜன்னலப் பாத்தாரு.

அவ கையில இருந்த போன் அடிச்சுச்சு. அவரு திரும்பல, எப்பவும் அடிக்கற போன்தான, இந்த மாடியில அது காக்காச் சத்தம் மாதிரி, யாருக்கும் காதுல விழாது. ரெண்டாவது தடவை அடிச்சுச்சு. மூணாவதுக்குத்தான் மெதுவாத் திரும்பி அந்தப் போனப் பாத்தாரு, அப்பறம் தன் கையில இருந்த ரிசீவரப் பாத்தாரு, அப்பறம் அவ மூஞ்சியப் பாத்தாரு. அவ எடுத்தா. மூணடி தள்ளி நின்னுக்கிட்டு, அவரு கண்ணையே பாத்து, ஆறு வருசமா ஒரு நாளைக்கு முப்பது தடவ கேக்கற அதே கொரல்ல, "சொல்லுங்க, எத்தன அடி போர்?"ன்னா. அவரு காதுல அது ரெண்டு தடவ விழுந்துச்சு, எதுத்தாப்புல ஒண்ணு, ரிசீவருக்குள்ள ஒண்ணு. கன்னத்துல இருந்த சோபாக் கட்டமெல்லாம் செவந்து போயிருந்துச்சு. அவளும் போன வெக்கல, அவரும் வெக்கல. கீழ பாத்துக்கிட்டு, ரிசீவருக்குள்ளயே சொன்னாரு, "டிரைவர்கிட்டச் சொல்லி கண்ணாடிய எடுத்துட்டு வரச் சொல்லு அம்மிணி."

"நானே எடுத்துட்டு வர்றேனுங்க"ன்னு அவளும் போனுக்குள்ளயே சொன்னா. "பதினஞ்சு நிமிசந்தான் இருக்குது, படிக்க ஆரம்பிச்சா வேகமாப் படிக்கோணும்." வெளிய வர்றப்ப வாசல்ல மிதியடி மட்டும் வெறுமனே கெடந்துச்சு. அதத் தாண்டிப் படியில எறங்கறப்ப, மரகதம் அக்காகிட்டத் திரும்பிப் பாக்காமயே கையக் காட்டுனா, சீலு மூடியத் தொறந்து வெய்யிங்கன்னு.